முன்னால் ஓடுகிறவள்

மூன்றாவது கிலோமீட்டர் பலகையைத் தாண்டும்போது மங்கையர்க்கரசிக்கு மூச்சு மூன்றுக்கு மூன்றாகவே இருந்தது. மூன்று அடிக்கு உள்ளே, மூன்று அடிக்கு வெளியே. அது இரண்டுக்கு இரண்டாக மாறுகிற இடம் எதுவென்று அவளுக்குத் தெரியும். ஏழரைக் கிலோமீட்டருக்கு மேல், அவிநாசி சாலையை விட்டு மறுபடியும் ரேஸ் கோர்ஸுக்குள் நுழைந்து கடைசிச் சுற்றைத் தொடங்குகிற இடம். அதுவரைக்கும் இப்படியே போனால் போதும், அதற்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒவ்வொரு வருடமும் நினைத்திருக்கிறாள், அதற்கப்புறம் ஒவ்வொரு வருடமும் ஒன்றும் பார்க்க முடிந்ததில்லை. முப்பதடி முன்னால் தெய்வானையின் மெரூன் தொப்பி போய்க்கொண்டிருந்தது. தொப்பிக்குக் கீழே இறுக்கி முடிந்த நரைமுடி, அதற்குக் கீழே வெளிப்பக்கமாக ஒடித்து வீசுகிற இடது முழங்கை. ஒன்பது வருடமாக இந்த முதுகைப் பார்த்துத்தான் ஓடுகிறாள். தெய்வானையின் முகத்தைக் கேட்டால்கூட யோசித்துத்தான் சொல்லவேண்டும், மூக்குத்தி எந்தப் பக்கம் என்பதெல்லாம் சட்டென்று வராது, ஆனால் அந்த முதுகு அத்துப்படி. எந்த இடத்தில் வலது தோள் இறங்கும், களைத்தால் தலை எப்படி ஒரு பக்கமாகச் சாயும், யாரையாவது முந்தப்போகிறாள் என்றால் அதற்கு முன் எப்படி ஒரு தரம் கையை உதறுவாள், எல்லாம். வயது எழுபது. முப்பத்து மூன்று வருடம் உடற்கல்வி ஆசிரியை, பள்ளி நாளில் மாவட்டத்துக்காக ஓடியவள். மங்கையர்க்கரசிக்கு அறுபத்தேழு. ஐம்பத்து நாலாவது வயதில், சர்க்கரை இருக்கிறது நடங்கள் என்று டாக்டர் சொல்லி நடக்கப்போய், நடக்கிறவர்களை முந்தப்போய், ஓட ஆரம்பித்தவள். அதுவரை அவள் வேளாண் பல்கலைக்கழகத்தில் விதைப் பரிசோதனைப் பிரிவில் உட்கார்ந்து ஈரக் காகிதத்தில் முளைத்த விதைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். நூறு விதை வைத்தால் எத்தனை முளைத்தது, எத்தனை சரியாக முளைத்தது, எத்தனை கோணலாக முளைத்தது, எத்தனை செத்துப்போயிற்று. இருபத்தொன்பது வருடம். இப்போது எண்ணுவதற்கு விதை இல்லை, அதனால் மேம்பாலத்தின் தூண்களை எண்ணிக்கொண்டு ஓடினாள். இருபத்திரண்டு, இருபத்து மூன்று. தூணுக்குத் தூண் நிழல் மாறுகிற இடத்தில் தரையின் சூடுகூட மாறுவது போலிருந்தது. அப்படி இருக்க முடியாது, மணி ஆறே கால்தான் ஆகிறது.

எதற்கு ஓடுகிறாய் என்று கேட்டால் சர்க்கரைக்கு என்பாள். எல்லோரிடமும் அதைத்தான் சொல்லியிருக்கிறாள், மகளிடம், பக்கத்து வீட்டாரிடம், முழங்கால் டாக்டரிடம். அவள் வீட்டுக்காரர் குப்புராஜுக்கு மட்டும் அந்தப் பதில் செல்லாது. காலையில் நாலு மணிக்கு அவள் லேஸ் கட்டும்போது போர்வைக்குள்ளிருந்து, "இந்த வயசுல ஆரை முந்தறதுக்கு இந்தப் பாடு?" என்பார். கேலிதான், ஆனால் சரியாகத்தான் கேட்கிறார். ஆரை முந்த என்றுதான் கேட்கிறார், எதற்கு ஓட என்று கேட்பதில்லை. தெய்வானையை. வேறு யாரை. இந்த ஊரில் பத்துக் கிலோமீட்டர் ஓடுகிற அறுபத்தைந்துக்கு மேற்பட்ட பெண்கள் எத்தனை பேர், ஒரு வருடம் ஐந்து, ஒரு வருடம் எட்டு, இந்த வருடம் ஏழு என்று நேற்று சட்டையில் குத்துகிற எண் வில்லை வாங்கும்போது பட்டியலில் பார்த்தாள். ஏழில் முதல். அதற்கு இவ்வளவு ஆசையா என்று கேட்டால் வெட்கமாகத்தான் இருக்கிறது. வயதானால் ஆசை வற்றிவிடும் என்று யார் சொன்னது. பசி வற்றியிருக்கிறது, தூக்கம் வற்றியிருக்கிறது, புடவைக் கடைக்குள் நுழைந்தால் முன்பெல்லாம் வரும் அந்தப் படபடப்பு வற்றியிருக்கிறது, இது மட்டும் வற்றவில்லை, இது அறுபதுக்கு மேல்தான் ஊறவே ஆரம்பித்தது. அறுபத்தைந்து நெருங்கியபோது ஊரில் எல்லோரும் வயதாகிறதே என்று வருத்தப்பட, அவள் மட்டும் பிறந்தநாளுக்குக் காத்திருந்தாள், மூத்தவர்கள் பிரிவுக்குப் போனால் அதில் அவள்தான் இளையவள் என்று. போன வருடம் கமலவேணி குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள் என்று போன் வந்தபோது ஐயோ என்று வாய் சொல்லி முடிப்பதற்குள் மனசு கணக்குப் போட்டுவிட்டது, அப்படியானால் இந்த வருடம் இவள் இல்லை. அப்புறம் ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய், கட்டிலருகில் உட்கார்ந்து, கமலவேணியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுதது நிஜம். கணக்குப் போட்டதும் நிஜம். எது முதலில் வந்தது என்பதுதான் அவளுக்கு இன்றைக்கும் உறுத்துகிறது.

இடது முழங்கால் உள்பக்கம் லேசாகச் சுருக்கென்றது. வலி இல்லை, வரப்போகிறேன் என்று சொல்லியனுப்புகிறது, அவ்வளவுதான். அதைக் கவனித்தால் பெரிதாகும், கவனிக்காமல் விட்டாலும் பெரிதாகும், பாதிக் கவனம் வைக்கவேண்டும், அடுப்பில் பால் வைத்துவிட்டுக் காய் நறுக்குகிற மாதிரி. அடிவயிற்றில் வேறு ஒரு பயம் இருந்தது, அதை யாரிடமும் சொல்ல முடியாது, இரண்டு பிள்ளை பெற்ற இந்த வயதுப் பெண் ஓடினால் தும்மும்போது போலச் சிறுநீர் சொட்டுவது, அதற்காக நேற்று ஏழு மணிக்கு மேல் தண்ணீர் குடிக்கவில்லை, துணி வைத்திருக்கிறாள், கறுப்புக் கால்சட்டை. இதெல்லாம் தெய்வானைக்கும் உண்டா என்று கேட்டதில்லை. ஒன்பது வருடம் சேர்ந்து ஓடியும் கேட்டதில்லை. கேட்காதது இன்னொன்றும் இருக்கிறது. புதன்கிழமை ஓடி முடித்துவிட்டு ரேஸ் கோர்ஸில் வேப்ப மரத்தடியில் நின்றபோது தெய்வானை தன் ஸ்கூட்டரின் கைப்பிடியில் கையை ஊன்றிக்கொண்டே, "வண்டிய எங்க நிறுத்துனேன் நானு?" என்றாள். மங்கையர்க்கரசி சிரித்தாள், தமாஷ் என்று நினைத்து. தெய்வானை சிரிக்கவில்லை. கையைப் பார்த்தாள், கைக்குக் கீழே இருந்த வண்டியைப் பார்த்தாள், பிறகுதான் சிரித்தாள், கொஞ்சம் தாமதமாக. அதற்கு முந்தைய வாரம் வீட்டுத் தெருவைத் தாண்டி ஓடிப்போய் யாரோ வீட்டு வாசலில் நின்று திரும்பி வந்தாள். பேச்சை எங்கோ போகவிட்டு ஒரே விஷயத்தை அரைமணிக்குள் மூன்று தரம் கேட்டாள். எல்லோருக்கும் மறக்கிறது, எனக்கும்தான் மறக்கிறது, கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடுகிறேன் என்று மங்கையர்க்கரசி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தெய்வானையின் மகன் கதிர்வேலுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். ஓசூரில் இருக்கிறான், ஞாயிறு தவறாமல் அம்மாவோடு பேசுகிற பையன். போடவில்லை. போட்டால் வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவான், ஓடக்கூடாது என்பான், முன்னால் ஓட ஆள் இருக்காது. அதுதான் காரணம் என்று நினைத்துப் பார்த்தால் சரியாகத்தான் இருந்தது. அதற்கும் அடியில் இன்னொன்று கிடந்தது, புரட்டிப் பார்க்காமல் விட்டிருந்தாள்: தலைக்கு மறந்தால் காலுக்கும் ஒருநாள் மறக்கும் அல்லவா.

முப்பத்தெட்டாவது தூண். லட்சுமி மில் சந்திப்பு எப்போதோ பின்னால் போய்விட்டது. நவ இந்தியா பக்கம் எங்கோ திருப்பம், ஐந்தாவது கிலோமீட்டர், அங்கே கூம்புகளைச் சுற்றி வந்த வழியே திரும்பவேண்டும். இருபத்தொரு கிலோமீட்டர்க்காரர்கள் மட்டும் நேராகப் போவார்கள். அவர்கள் கால் மணி நேரம் கழித்துக் கிளம்பியவர்கள், இப்போது பின்னாலிருந்து வருகிற சத்தம் கேட்டது, மழை ஓட்டுக்கூரையில் தூரத்திலிருந்து நெருங்குகிற மாதிரி, தபதபவென்று. வலப்பக்கம் விடுங்க, வலப்பக்கம் விடுங்க என்று ஒரு குரல். பத்துப் பன்னிரண்டு பேர், நீல வில்லை, வாலிபப் பிள்ளைகள், வியர்வையும் தைலமும் கலந்த நெடியோடு அவளைத் தாண்டிப் போனார்கள், அவர்கள் கிளப்பிய காற்று கன்னத்தில் பட்டது. அவர்கள் தெய்வானையையும் சூழ்ந்துகொண்டார்கள். மெரூன் தொப்பி நீலங்களுக்கு நடுவில் மிதந்தது. அப்போது தெய்வானை ஒரு தரம் கையை உதறினாள். மங்கையர்க்கரசி பார்த்தாள். கூம்புகள் தெரிந்தன, பச்சைச் சட்டை போட்ட தொண்டர்கள் தண்ணீர்க் கோப்பைகளை நீட்டிக்கொண்டு நின்றார்கள், பத்து என்று எழுதிய பலகையில் வளைந்த அம்பு, இருபத்தொன்று என்று எழுதியதில் நேரான அம்பு, மெரூன் தொப்பி நேரான அம்பின் பக்கம் போய்க்கொண்டிருந்தது. ஒரு வயதான பெண் இத்தனை வேகமாக வாலிபர்களோடு போகிறாள் என்று ஒரு தொண்டன் கைகூடத் தட்டினான். "தெய்வானக்கா!" என்றாள் மங்கையர்க்கரசி. தொப்பி திரும்பவில்லை. "அக்கா!" அதற்குள் கூம்பு வந்துவிட்டது, கால் தன்பாட்டுக்கு வளைந்தது, இடது கால் குட்டையாக, வலது கால் நெட்டையாக, எட்டு அடியில் திரும்பி முடித்துவிட்டாள். நேரம் குறிப்பதற்காகத் தரையில் விரித்திருந்த பாயில் அவள் ஷூ பட்டதும் பீப் என்று ஒரு சத்தம் வந்தது.

முன்னால் யாருமில்லை. இருந்தார்கள், ஆண்களும் சின்னப் பெண்களும் மஞ்சள் வில்லையோடு போய்க்கொண்டுதான் இருந்தார்கள், ஆனால் அந்த முப்பதடி தூரத்தில், எப்போதும் ஒரு முதுகு இருக்கிற இடத்தில், வெறும் தார். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அதைப் பிற்பாடு எத்தனையோ முறை நினைத்துப் பார்த்துவிட்டாள், வேறு பெயர் எதுவும் பொருந்தவில்லை, சந்தோஷம்தான். மூச்சு லேசானது, முழங்கால் பேச்சை நிறுத்தியது, பட்டியலில் ஏழு பேரில் ஐந்து பேரைத் தொடக்கத்திலேயே தாண்டியாயிற்று, இன்னும் ஐந்து கிலோமீட்டர், நாற்பது நிமிடம், கப்பு எங்கே வைப்பது, டி.வி.க்கு மேலா, குப்புராஜ் என்ன சொல்வார். ஒரு தூண். இரண்டு தூண். கூப்பிட்டேன் அல்லவா. இரண்டு தரம் கூப்பிட்டேன். மூன்றாவது தூண். கேட்டிருக்கும், கேட்டும் திரும்பவில்லை என்றால் இந்தத் தரம் இருபத்தொன்றுக்குப் பெயர் கொடுத்திருப்பாளோ. இல்லை, நேற்று சேர்ந்து போய்த்தான் வாங்கினோம், இருவருக்கும் மஞ்சள், அடுத்தடுத்த எண். வில்லையைப் பார்த்து யாராவது நிறுத்துவார்கள். வில்லையை மடித்து இடுப்புப் பட்டைக்குள் செருகிக்கொள்கிற பழக்கம் தெய்வானைக்கு, வயிற்றில் உரசுகிறதாம். நாலாவது தூண். எவ்வளவு சத்தமாகக் கூப்பிட்டேன்? சின்ன வயதிலிருந்தே அவளுக்குக் குரல் கிடையாது, பள்ளிக்கூடத்தில் சத்தமாப் படி, ஆபீஸில் சத்தமாச் சொல்லுங்கம்மா, குப்புராஜ் பக்கத்து அறையிலிருந்து என்ன என்ன என்பார். அது அவள் குரல், அவ்வளவுதான் வரும். அவ்வளவுதானா? மகள் நாலு வயதில் காந்திபுரம் பஸ் நிலையத்தில் பஸ்ஸுக்குக் குறுக்கே ஓடியபோது ஒரு சத்தம் போட்டாளே, நடத்துநர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டார். அந்தக் குரல் எங்கே போயிற்று. ஆறாவது தூண். கூப்பிட்டுவிட்டு வளைந்தேனா, வளைந்துகொண்டே கூப்பிட்டேனா? இதுதான் விஷயம், இதை மட்டும் தெரிந்துகொண்டால் போதும், ஆனால் அந்த இடத்துக்கு நினைவைக் கொண்டுபோனால் கூம்பும் அம்பும் தொப்பியும் வருகின்றன, வரிசை மட்டும் வருவதில்லை, எடுத்துவைத்த விதைக் காகிதத்தில் எண்ணிக்கை விட்டுப்போய் முதலிலிருந்து எண்ணுகிற மாதிரி, கமலவேணிக்கு ஐயோ என்றது முதலிலா கணக்கு முதலிலா என்பது மாதிரி. ஏழு. எட்டு. பீளமேடு தாண்டினால் தெரிந்துவிடும் அவளுக்கு, ஹோப் காலேஜ் வரைக்கும் போனால் கட்டாயம் தெரிந்துவிடும், ஓடியவள், விவரமானவள், திரும்பி வருவாள். வண்டியின் மேல் கையை ஊன்றிக்கொண்டு வண்டியைத் தேடினவள். ஒன்பது. அந்தப் பக்கம் சாலையின் ஒரு பாதியில் பஸ் விடுகிறார்கள். பத்து. கைபேசி இல்லை, இரண்டு பேருடையதும் மைதானத்தில் பை வைக்கிற இடத்தில் கிடக்கின்றன. பதினொன்று.

நின்றாள். பதின்மூன்று வருடத்தில் ஒரு பந்தயத்தில் அவள் நின்றது அதுதான் முதல் தடவை. பின்னால் வந்த ஒரு ஆள் இடித்துவிடாமல் விலகி, "என்னாச்சுங்கம்மா, பிடிச்சுக்கிச்சா?" என்று கேட்டுக்கொண்டே போனார். தூணருகில் தண்ணீர்க் கேனோடு நின்ற பச்சைச் சட்டைப் பெண்ணிடம் போய், இருபத்தொன்று போகிற வழியில் நிற்கிற உங்கள் ஆட்களுக்குப் போன் போடு, மெரூன் தொப்பி போட்ட அம்மா, எழுபது வயது, வழி மாறிப் போய்விட்டார், நிறுத்தச் சொல்லு என்றாள். அந்தப் பெண் போனை எடுத்தாள், யாருக்கோ போட்டாள், எடுக்கவில்லை. "நீங்க ஓடுங்கம்மா, டைம் போகுது. முன்னாடி எல்லா எடத்துலயும் ஆள் இருக்காங்க. அவங்க கேட்டா சொல்லிடுவாங்க." "அவங்க கேக்க மாட்டாங்க கண்ணு," என்றாள் மங்கையர்க்கரசி. "தான் வழி மாறினதே அவங்களுக்குத் தெரியாது." சொன்ன பிறகுதான் அவளுக்கே அது காதில் விழுந்தது. இத்தனை வாரமாக யாரிடமும் சொல்லாததை முகம் தெரியாத ஒரு பெண்ணிடம் நடுரோட்டில் சொல்லியிருக்கிறாள். அந்தப் பெண் மறுபடியும் போனைக் காதில் வைத்தாள். மங்கையர்க்கரசி திரும்பி ஓட ஆரம்பித்தாள், வந்த பக்கமாகவே, எதிரே வருகிற மஞ்சள் வில்லைகளுக்கு எதிராக.

அந்தப் பக்கமில்லைங்க, இந்தப் பக்கம் என்று யாரோ கையைக் காட்டினார்கள். பொள்ளாச்சியிலிருந்து வந்ததாக நேற்றுச் சொன்ன அந்தப் புதுப் பெண்மணி, மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டியவள், எதிரே வந்து அவளை வியப்போடு பார்த்துத் தாண்டிப் போனாள். பட்டியலில் மற்ற ஆறு பேரில் ஒருத்தி. போகட்டும். போகட்டும் என்று நினைத்துக்கொண்டே திரும்பி அவள் முதுகை ஒரு தரம் பார்த்தாள், அவ்வளவு சுலபத்தில் போகவில்லை. மூச்சு இரண்டுக்கு இரண்டாகி, திருப்பத்தைத் தாண்டி நேர் அம்பின் பக்கம் நுழைந்தபோது இரண்டுக்கு ஒன்றாகிவிட்டது. துணி நனைந்தது. நனையட்டும். இவ்வளவு வேகம் அவளிடம் எங்கே இருந்தது, இத்தனை வருடம் எந்தக் குதிருக்குள் கிடந்தது, கப்புக்காக வெளியே வராமல்? முழங்கால் இப்போது சொல்லியனுப்பவில்லை, நேரிலேயே வந்துவிட்டது, ஒவ்வொரு அடிக்கும் ஒரு குத்து, அந்தக் குத்தை வைத்தே அடிகளை எண்ணினாள். இருநூறு. இடது பக்கம் தடுப்புக்கு அப்பால் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. கீழே விழுந்து கிடக்கிற மெரூன் நிறம் ஏதாவது தெரிகிறதா என்று கண் தானாகத் தேடியது. வேண்டாம் என்று சொன்னாலும் தேடியது. கதிர்வேலிடம் என்ன சொல்வது, கூப்பிட்டேன் என்றா. நானூறு. ஐந்நூறு. அதற்கப்புறம் எண்ணிக்கை விட்டுப்போயிற்று, ஏனென்றால் பஸ் நிறுத்தத்தின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெய்வானை நின்றிருந்தாள். சாலையைப் பார்த்தபடி, வருகிற ஒவ்வொரு முகத்தையும் பார்த்து, இல்லை என்று விட்டுவிட்டு அடுத்த முகத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். மங்கையர்க்கரசியின் முகத்துக்கு வந்ததும் நின்றாள்.

"எங்க போய்த் தொலஞ்சே நீ?" என்றாள் தெய்வானை. கோபமாக இருந்தாள். "பின்னால சத்தத்தையே காணோம்."

மங்கையர்க்கரசி குனிந்து முழங்கால்களைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். "நீங்க நேரா வந்துட்டீங்கக்கா. அங்கத்தயே திரும்போணும், கூம்பு வெச்ச எடத்துல."

"எங்கத்த?"

"பின்னாலீங்க. நாம பத்துத்தானே."

தெய்வானை இடுப்புப் பட்டையிலிருந்து வில்லையை இழுத்துப் பார்த்தாள். மஞ்சள். மறுபடியும் மடித்துச் செருகினாள். "கூப்பிட்டிருக்கலாமில்ல நீ."

"கூப்பிட்டனுங்க." நிறுத்தியிருக்கலாம். அதோடு முடிந்திருக்கும், யாரும் மேலே கேட்கப்போவதில்லை. "சத்தமாக் கூப்பிடலீங்கக்கா."

தெய்வானை அவளைப் பார்த்தாள். மூக்குத்தி வலப்பக்கம் இருந்தது. "ஏன்?"

"ஒம்பது வருசமா உங்களுக்கு அடுத்ததாவே வர்றனுங்க."

இரண்டு நீல வில்லைகள் அவர்களைத் தாண்டிப் போயின. தெய்வானை சிரித்தாள், புதன்கிழமை சிரித்த மாதிரி தாமதமாக இல்லாமல், உடனே. "நானா இருந்தா கூப்பிட்டே இருக்க மாட்டேன்," என்றாள். பிறகு சிரிப்பு போய்விட்டது. கம்பியை விடாமலே பேசினாள். "நீ ஓடறப்ப வலது கால லேசாத் தேய்ப்பே, உனக்குத் தெரியுமா? சரக்கு சரக்குன்னு. அதக் கேட்டுட்டேதான் நா ஓடறது. கிட்டக்க கேட்டா வேகமாப் போவேன். அது நின்னு போச்சு இன்னிக்கி. நீதான் விழுந்துட்டயாக்கும்னு நின்னுட்டேன். திரும்பி வந்து பாக்கலாம்னு..." கம்பியைப் பிடித்திருந்த கை மேலும் கீழுமாக நகர்ந்தது. "எந்தப் பக்கமிருந்து வந்தோம்னு தெரியல மங்கை. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி பாலம், ஒரே மாதிரி தூணு. அதுதான் இங்கயே நின்னேன்."

இதற்கு என்ன சொல்வது. பரவாயில்லைங்கக்கா என்பதா, எல்லோருக்கும் வருவதுதான் என்பதா. வண்டி, தெரு, மூன்று தரம் கேட்ட கேள்வி, ஒவ்வொன்றுக்கும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறாள். "ரொம்ப நாளாவே இருக்குதுங்களா?" என்று கேட்டாள். "தைப்பூசத்துலருந்து," என்றாள் தெய்வானை, நாள் குறித்து வைத்தவளைப் போல. "ஓடறப்ப மட்டும் வராம இருந்துச்சு. ஓடறப்ப எல்லாமே தெளிவா இருக்கும். அதுதான் நா ஆருகிட்டயும் சொல்லல. இன்னிக்கி ஓட்டத்துலயும் வந்துருச்சு." கம்பியிலிருந்து கையை எடுத்துக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டாள். "வா. நின்னா காலு பிடிச்சுக்கும்."

அவர்கள் திரும்பி ஓடினார்கள், முதலில் பக்கம் பக்கமாக. மெதுவாகத்தான் போனார்கள், மங்கையர்க்கரசியின் முழங்கால் அதற்கு மேல் விடவில்லை. பச்சைச் சட்டைப் பெண் அவர்களைப் பார்த்ததும் கேனை வைத்துவிட்டு இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள். லட்சுமி மில், பின்பு ரேஸ் கோர்ஸ். வெயில் ஏறிவிட்டது, சுற்றுப்பாதையில் கூட்டம் குறைந்து, வாழைப்பழத் தோலும் காகிதக் கோப்பையுமாகக் கிடந்தது. மங்கையர்க்கரசி ஒன்றையே சுற்றிச் சுற்றி நினைத்துக்கொண்டிருந்தாள். இனிமேல் இவளோடு எப்படி ஓடுவது. பின்னால் ஓடினால் தவறிப்போகிறாளா என்று பார்த்துக்கொண்டே ஓடவேண்டும், அது ஓட்டமில்லை, காவல். பக்கத்தில் ஓடினால் கையைப் பிடித்து நடத்துகிற மாதிரி. முன்னால் ஓடவேண்டும். முன்னால் ஓடினால் அவள் இந்தத் தேய்க்கிற காலைப் பார்த்து வருவாள். ஆனால் முன்னால் ஓடவேண்டுமென்றால் அவளை முந்தவேண்டும், அவள் விட்டுக்கொடுத்து முந்தக்கூடாது, அவளுக்கு நான் விட்டுக்கொடுத்துப் பின்னாலும் நிற்கக்கூடாது, அது தெய்வானைக்கு முதல் எட்டிலேயே தெரிந்துபோகும். கடைசி முந்நூறு மீட்டர், வளைவுக்கு அப்பால் மைதானத்து வாயிலில் கட்டிய பலூன் தோரணம் தெரிந்தபோது, பக்கத்தில் ஒரு கை உதறியது. தெய்வானை கிளம்பிவிட்டாள். எழுபது வயது, பதினோரு கிலோமீட்டருக்கு மேல் ஓடியாயிற்று, ஏழில் ஆறாவது இடமா ஏழாவது இடமா என்பதற்கு. மங்கையர்க்கரசிக்குக் கோபம் வந்தது. சுத்தமான, பழைய கோபம். முழங்காலைப் பல்லைக் கடித்து ஊன்றினாள். பத்தடி, எட்டடி, அந்த முதுகு நெருங்கி, வியர்வையில் ஒட்டிய சட்டையின் தையல் தெரிந்து, பிறகு பக்கத்தில் ஒரு காதாகி, பிறகு இல்லை.

அவளுக்கு முன்னால் பலூன்கள் மட்டும் இருந்தன. பின்னால் சத்தம். தெய்வானையின் காலடி எப்படிக் கேட்கும் என்று அவளுக்கு இதுவரை தெரியாது, குதிகால் முதலில் விழுந்து டப் டப் என்று, அதோடு தொண்டையிலிருந்து ஒரு சின்ன முனகல். நெருங்குகிறதா, விலகுகிறதா, திரும்பிப் பார்க்க முடியாது, திரும்பினால் ஒரு அடி போய்விடும். முதுகெல்லாம் காதாக இருந்தது. முன்னால் ஓடுகிறவளுக்கு ஒன்பது வருடமாக இதுதானா, இத்தனை பயமா. டப் டப் கேட்டுக்கொண்டே இருந்தது, கேட்கவேண்டும் என்றிருந்தது, நின்றுவிட்டால் என்ன செய்வது என்றிருந்தது. கோட்டைத் தாண்டினாள். நாலு எட்டு கழித்துப் பீப் என்று இரண்டாவது சத்தம் வந்தது.

"இன்னொரு அம்பதடி இருந்திருந்தா..." என்றாள் தெய்வானை, புல்லில் மல்லாந்து விழுந்து. நிஜமாகவே முகம் சுண்டியிருந்தது. மேடையில் பொள்ளாச்சிப் பெண்மணி கப்பை வாங்கிக்கொண்டிருந்தாள், ஒரு மணி இருபத்திரண்டு நிமிடம் என்று ஒலிபெருக்கி சொன்னது. மங்கையர்க்கரசி கை தட்டினாள். தெய்வானையும் படுத்தபடியே தட்டினாள். பிறகு மங்கையர்க்கரசி நொண்டிக்கொண்டு போய்ப் பைகள் வைத்த இடத்தில் இரண்டு கைபேசிகளையும் வாங்கிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். உட்காரும்போது ஐயோ என்று வாய்விட்டுச் சொல்லும்படி வலித்தது. "கதிருகிட்ட நாஞ் சொல்லட்டுங்களா?" என்று கேட்டாள். தெய்வானை எழுந்து உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்து, அதில் ஒட்டியிருந்த புல்லை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள். கடைசிப் புல்லும் போன பிறகு கையை நீட்டினாள். "நானே சொல்றேன். நீ எந்திரிச்சுப் போயிராத."

போகவில்லை. அந்தப் பக்கம் மணி நாலு தரம் அடித்தது, பிறகு ஒரு ஆண் குரல், ஞாயிற்றுக்கிழமைத் தூக்கக் கலக்கத்தோடு, என்னம்மா, ஜெயிச்சாச்சா என்று கேட்பது மங்கையர்க்கரசிக்குக் கூடக் கேட்டது.

"இல்ல சாமி," என்றாள் தெய்வானை. "ஏழாவது. மங்கை முந்தீட்டா." ஒரு மூச்சு எடுத்துக்கொண்டாள். "அது கெடக்கட்டும். அம்மா ஒண்ணு சொல்றேன், பதறாமக் கேளு. இன்னிக்கி எனக்கு வழி தெரியாமப் போச்சு."